கேமரா எண்ணாத ஏழு பேர்

"இந்த ஸ்டாப்ல யாருமே ஏற மாட்டாங்களாம்மா?" என்று போன வாரம் பஸ் பயணிகளைக் கணக்கெடுக்க வந்த என்ஜினியர் என்னிடம் கேட்டார். இன்று மறுபடி வந்திருக்கிறார். வடகரை ஸ்டாப்பின் கம்பத்தில் கேமரா வெயிலில் மின்னுகிறது. எதிரே டீக்கடை நிழலில் நாங்கள் ஏழு பேர் நிற்கிறோம். பஸ் வந்தால்தான் ரோட்டைத் தாண்டி ஓடுவோம். "நிக்கிற ஆளத்தான் கேமரா எண்ணும். ஆளில்லன்னா கம்ப்யூட்டர் புது ரூட்ல இந்த ஸ்டாப்ப விட்டுடும்," என்கிறார் அவர். "வெயில்ல வெந்து சாவச் சொல்லுதியளா? கேமராவ இங்கன திருப்புங்க சார்," என்று எங்களில் ஒருத்தியான முத்துசெல்வி சொல்ல, எல்லோரும் சிரிக்கிறார்கள். டயாலிசிஸுக்காக வாரம் மூன்று நாள் இதே பஸ்ஸில் தென்காசி போகும் ஜெபமலர் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வீங்கிய கையால் பையை எடுத்துக்கொண்டு, நிழலை விட்டு இறங்கி கேமராவுக்கு நேராக நடந்து போகிறார்.