விரல் வைக்கும் வேலை

கடைசிப் பாதத்தையும் பதித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. சமையலறைக்குள் மாட்டிக்கொண்டிருந்தாள்.

கிருஷ்ணருக்கு வழி போட்டாயிற்று. வாசலில் தொடங்கி, ஹாலைக் கடந்து, குறுகலான இடைவழியைக் கடந்து, சமையல் மேடைக்கு மேலே இருக்கும் சாமி அலமாரி வரைக்கும் வெள்ளை வெளேரென்று குட்டிப் பாதங்கள்.

தனக்கு ஒரு வழி விட மறந்துவிட்டாள்.

வருஷா வருஷம் சுவரோரமாக ஓர் அடி இடம் விட்டுவைப்பாள். இந்த வருஷம் சாருமதிக்கு நாலு வயது. உதவிக்கு வந்துவிட்டாள். கரைத்த அரிசிமாவில் அம்மா கைமுட்டியைத் தோய்த்துத் தரையில் பதிப்பாள். மகள் சுட்டுவிரலால் அதற்கு ஐந்து விரல் வைப்பாள். எண்ணி எண்ணி வைப்பாள். "இங்க ஒண்ணு போடும்மா, அங்க ஒண்ணு போடும்மா" என்று அவள் காட்டிய இடத்திலெல்லாம் போட்டதில், இடைவழியில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாகப் பாதம்.

ஒரு கிருஷ்ணர் இல்லை. ஒரு எல்.கே.ஜி. வகுப்பே உள்ளே வந்திருந்தது.

மாவு ஈரமாகவே இருந்தது. ஹாலில் ஓடிய மின்விசிறியின் காற்று இடைவழிக்கு எட்டவில்லை.

இடுப்பில் சின்னவன். பதினோரு மாதம். மஞ்சள் பட்டு கட்டி, தலையில் மயிலிறகு செருகியிருந்தாள். அதைப் பிடுங்கி வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான்.

அவளுடைய போன் ஹாலில் இருந்தது. வாசல் கதவோரம், டிவிக்குப் பக்கத்தில், சார்ஜில்.

மூன்று மணியாகப் பத்து நிமிடம்.

மூன்று மணிக்குக் கூப்பிடுவதாக ரத்தப் பரிசோதனை நிலையத்து மேடம் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை சேர்கிறாயா, இல்லையா. ஒரே வார்த்தை. இல்லையென்றால் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிடுவார்.

கல்யாணத்துக்கு முன்னால் ஐந்து வருஷம் அதே வேலைதான் பார்த்தாள். கைக்குழந்தைக்குக்கூட ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாள். அந்தக் கை இப்போது முழங்கை வரை மாவாக இருந்தது.

அவள் கணவன் தாமோதரன் போனுக்குப் பக்கத்தில் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றியும் பாதங்கள்தான். ஆனால் அவன் எங்கும் போக வேண்டியதில்லை.

அவனைக் கெட்டவன் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். வேலைக்குப் போகாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. போகட்டும் என்றுதான் சொல்வான். ஆடி போகட்டும். கோகுலாஷ்டமி போகட்டும். கொலு போகட்டும், தீபாவளி போகட்டும், பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்துவிடுவோம், அப்புறம் பார்க்கலாம்.

நாலு வருஷமாக எல்லாப் பண்டிகையும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

அவளுக்குப் பண்டிகைகள் பிடிக்கும். அதுதான் கொடுமை. சீடைக்கு மாவு சலிக்கப் பிடிக்கும். பிள்ளைக்கு வேஷம் கட்டிப் பார்க்கப் பிடிக்கும். பிடித்ததை வைத்தே அவளைக் கட்டிப்போட்டிருந்தார்கள்.

போன் அடித்தது.

தாமோதரன் எட்டிப் பார்த்தான். "ஏதோ லேப்புன்னு வருது."

"இங்க குடுங்க."

"எப்படிக் குடுக்கறது? வழியெல்லாம் ஈரமா இருக்கு. காயட்டும். அப்புறம் நீயே கூப்பிட்டுக்கோ."

அடித்து ஓய்ந்தது.

அவள் தரையைப் பார்த்தாள். அத்தனையும் உள்ளே வருகிற பாதங்கள். வந்தவர் திரும்பிப் போவதற்கென்று எந்த வருஷமும் ஒரு பாதம்கூடப் போட்டதில்லை. அவள் அம்மாவும் போட்டதில்லை. சாமி வந்த பாதத்தை மிதிப்பதா?

மறுபடியும் அடித்தது.

"நான் வேணா எடுத்துச் சொல்லிடட்டுமா? பண்டிகை போகட்டும்னு?"

நல்ல மனதோடுதான் கேட்டான். போன் பக்கம் கையையும் நீட்டி, அவள் பதிலுக்குக் காத்திருந்தான்.

அவள் சின்னவனை இறுக்கிக்கொண்டாள்.

மிதித்தாள்.

மாவு சில்லென்றிருந்தது. கால் வழுக்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு அடுத்த அடி வைத்தாள். அதற்கடுத்த அடி. இடைவழியைத் தாண்டி, ஹாலைத் தாண்டி, அவன் கைக்கு முன்னால் அவள் கை போனை எடுத்தது.

"சொல்லுங்க மேடம். ஆமா. திங்கக்கிழமை வந்துடறேன்."

பேசி முடித்துப் போனைத் திரும்பச் சார்ஜில் வைத்தாள்.

தாமோதரன் போனைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான். சமையலறையிலிருந்து வாசல் கதவோரம் வரைக்கும் பெரிய பெரிய தடங்கள். விரல் தெரியாமல், இழுவிப் போய்.

"சாரு, அந்தத் துணிய எடுத்துட்டு வா. துடைச்சிடலாம்."

"இருப்பா." சாருமதி மாவுக் கிண்ணத்தோடு சமையலறை வாசலில் குந்தியிருந்தாள். "இதுக்கெல்லாம் இன்னும் விரலே வைக்கல."

அம்மாவின் முதல் தடத்தின் மேல் விரலைக் கொண்டுபோனவள், சற்று யோசித்தாள். பெருவிரல் எந்தப் பக்கம் வரும் என்று அம்மாவின் காலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு ஐந்தையும் எண்ணி, வாசல் பக்கமாக வைத்தாள்.