சிவப்புத் தட்டு

எஸ்டேட் புல்வெளி மேட்டில் நின்று தனபால் டிஸ்க் கால்ஃப் பையிலிருந்து, வீசி விளையாடும் சிவப்புத் தட்டை உருவுகிறான். தூரத்தில், சில்வர் ஓக் மரங்களுக்கிடையே, தட்டு போய் விழவேண்டிய சங்கிலிக் கூடை காற்றில் கிலுகிலுக்கிறது. எதிர்காற்றுக்கும் அசையாமல் பறக்கும் தட்டு இது. வேகம் குறைந்ததும் வெடுக்கென்று இடப்பக்கம் சாய்ந்து காப்பிச் சரிவில் இறங்கிவிடும். காலையிலிருந்து நான்கு முறை இறங்கிவிட்டது. களையெடுக்க வந்த காளியாயிதான் நான்கு முறையும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி எடுத்து வந்தாள். இப்போது சிவப்பைக் கண்டதுமே அவள் சரிவில் இறங்கத் தொடங்குகிறாள். செடிகளின் ஈரம் சேலையை நனைக்கிறது. பாதி வழியில் நின்று, நெற்றிக்குக் கை கொடுத்து அண்ணாந்து பார்க்கிறாள்.

“பாத்தியா, கத்துக்கிச்சு,” என்கிறான் தனபால்.

“கால் நோவாட்டம் இருக்குது. பாவம், சீக்கிரம் போடுப்பா,” என்கிறான் நண்பன் அஜ்மல்.

“வீசுங்க சாமி, இங்கதான் நிக்கறேன்,” கீழிருந்து குரல் வருகிறது.

தனபால் தட்டை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோகிறான், நான்கு முறையும் செய்ததைப் போலவே. பிறகு கையை வெளிப்பக்கம் எடுத்து, உள்ளங்கை வானம் பார்க்க, மணிக்கட்டைச் சுண்டுகிறான். அப்படி எறிந்தால் அதே தட்டு வலப்பக்கம் திரும்பும். சிவப்பு வட்டம் கூடையைத் தாண்டி, எதிர்ச் சரிவின் முட்புதருக்குள் மறைகிறது. முதலில் சிரிப்பவன் அஜ்மல்தான். காளியாயி நெற்றியிலிருந்து கையை எடுத்து முழங்காலில் ஊன்றி, மேலே ஏறி வருகிறாள்.

“எடம் தப்பி நின்னுட்டனுங்க சாமி.”