ஒரு கிராம்கூட இல்லை

"எங்கேம்மா ஒளிச்சு வச்சிருக்கீங்க? மறைக்காம சொல்லிடுங்க" என்று கேட்டபடி, அந்த அம்மாள் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் டார்ச் அடித்துத் துழாவிக்கொண்டிருந்தாள். கழுத்தில் அரசாங்க அடையாள அட்டை தொங்கியது.

மகன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஒக்பூன் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள். மூட்டை முடிச்சோடு வந்து இறங்கிய அன்றைக்கே வீட்டில் சோதனையா?

நாஜு ஊரில் இருந்த சொந்த வீட்டை விற்று, வாங்கினவன் கையில் நேற்றுத்தான் சாவியைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். எழுபத்து மூன்று வயது. இனிக் கண்ணை மூடுகிற வரைக்கும் சியோலில் இந்த ஒன்பதாவது மாடிதான் கதி. இங்கேயே வில்லங்கம் என்றால் எங்கே போய் நிற்பது?

"என்ன மியோன், என்ன தப்பு நடந்துபோச்சு?" வாசலில் இருந்தே கேட்டாள்.

மருமகள் மியோன் சிரித்துவிட்டாள். "தப்பு ஒண்ணும் இல்ல அத்தை. சோத்தை வீணாக்காத வீடுன்னு நமக்கு வட்டாரத்துலயே முதல் பரிசு. குடுக்கறதுக்கு முன்னாடி நிஜமான்னு பாக்க வந்திருக்காங்க."

அட்டைக்காரி டார்ச்சை அணைத்துவிட்டு நிமிர்ந்தாள். வட்டார அலுவலகத்து அதிகாரி, பேர் குவாக். "பயந்துட்டீங்களாம்மா? கீழ மிச்சச் சோறு போடற மெஷின் இருக்குல்ல, அதுல கார்டைத் தொட்டாத்தான் மூடி திறக்கும். போட்டதை எடை போட்டுக்கும். உங்க மருமக போன வருஷம் முழுக்க ஒரு கிராம்கூடப் போடல. எங்களுக்கு மெஷின் மேலயே சந்தேகம் வந்துடுச்சு."

ஒக்பூனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சோற்றைக் கொட்டுகிறவளை வானம் தண்டிக்கும் என்று சொல்லி வளர்த்த வீடு அவளுடையது. பட்டணத்தில் பிறந்த பெண்ணுக்கு இந்தப் புத்தி இருக்கிறதே என்று நெஞ்சு நிறைந்துபோனது.

குவாக் லேசில் விடுகிறவளாக இல்லை. "ரெண்டு பிள்ளைங்க இருக்கற வீடு. எங்க வீட்ல இருக்கறது ஒண்ணே ஒண்ணு, அது வைக்கிற மிச்சத்துல ஒரு பன்னியை வளத்துடலாம். உங்க பிள்ளைங்க மட்டும் கிண்ணத்தை வழிச்சுச் சாப்பிடுதுங்களா?"

"எங்கங்க? பாதிக்கு மேல தொடறதில்ல."

"அப்ப அரைச்சுத் தொட்டியில விடறீங்களா? இல்ல நாய் கீய் வளக்கறீங்களா?"

"ஐயோ, நாய் முடி பட்டாலே என் வீட்டுக்காரருக்கு இழுப்பு வந்துடும்."

குவாக் ஃபிரிட்ஜைத் திறந்து ஒவ்வொரு டப்பாவாக முகர்ந்து பார்த்தாள். "கெட்டுப்போனதுன்னு ஒண்ணாவது இருக்குமே? அதையும் மெஷின்லதான் போடணும். கோழித் தீனிக்குப் போகுது."

"வீணாக்க மனசு வராதுங்க" என்றாள் மியோன் அடக்கமாக.

ஒக்பூனுக்குச் சட்டென்று கூடப்பிறந்த மல்ரே அக்காவின் நினைப்பு வந்தது. பிள்ளை குட்டி இல்லாத விதவை, நாலு வருஷம் இந்த வீட்டில்தான் இருந்தாள். என்னமோ வயிற்று உபாதை, மெலிந்து மெலிந்து இந்த மார்ச்சில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அவள் உயிரோடு இருந்தபோது, "நல்லாப் பாத்துக்கறாளாக்கா?" என்று போனில் கேட்காத நாள் கிடையாது. "பாத்துக்கறாடி. கிண்ணத்துல ஒரு பருக்கை வைக்க விடமாட்டா, பக்கத்துலயே நிப்பா" என்பாள் அக்கா. பெற்ற மகள்கூட அப்படிப் பக்கத்தில் நிற்பாளா? அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் ஒக்பூன் வீட்டையே விற்றாள்.

"நின்னுட்டே இருக்கீங்களே அத்தை. போய் மூட்டையை வைங்க. பெரியம்மா இருந்த ரூம்தான், துடைச்சு வச்சிருக்கேன்."

மகராசி, நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும். ஒக்பூன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தாள். துணி துவைக்கிற இடத்தை ஒட்டிய சின்ன அறை. ஒண்டிக்கட்டைக்கு இது போதாதா?

மூட்டையை அவிழ்க்கும்போது சமையலறைப் பேச்சு காதில் விழுந்தது.

"ஏமாத்து ஒண்ணும் இல்லம்மா, பரிசு உங்களுக்குத்தான். வாசல்ல பேனர் கட்டிடறோம்" என்றாள் குவாக். "ஆனா ஒண்ணு. இந்த வருஷக் கணக்கைப் பாத்தேன். ஏப்ரல்ல இருந்து மாசா மாசம் அஞ்சு கிலோ போட்டிருக்கீங்க. இப்படியே போனா அடுத்த தடவை பேனர் எதிர் வீட்டுக்குப் போயிடும்."

அடடா, பிள்ளைகளோடு ஒற்றை ஆளாக மல்லாடுகிறாள், பாவம் என்று ஒக்பூனுக்கு மனசு கேட்கவில்லை. நான் வந்துவிட்டேன், அடுப்படியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வதற்காக எழுந்து கதவருகே வந்தாள்.

அதற்குள் மியோன் குரலைத் தாழ்த்திக்கொண்டு பதில் சொன்னாள்.

"மிச்சம், ஊசினது எல்லாத்தையும் பெரியம்மாதாங்க தின்னுட்டிருந்தாங்க, அவங்க போயிட்டாங்க. அதான் இப்ப அத்தை வந்துட்டாங்களே."