வளைவில் எடுத்த படம்

சுருளியம்மாள் புத்தகத்தை விரித்துக் கம்பி வலையில் அழுத்திப் பிடித்தாள். அந்தப் பக்கம் நின்ற அவள் புருஷன் சங்கிலி அதைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கிளைச் சிறையில் பார்த்துப் பேச விடுவதே கொஞ்ச நேரம். அதற்குள் நாலைந்து குடும்பம் ஒன்றாக நின்று கத்திக்கொண்டிருந்தது. காவலர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்துத்தான் புத்தகத்தைச் சேலைக்குள்ளிருந்து உருவியிருந்தாள்.

சென்னையில் அச்சாகிற கார் பத்திரிகை அது. கம்பம் பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் மாட்டித் தொங்கியது. அட்டையில் அந்த ஆரஞ்சு நிறத்தைப் பார்த்ததுமே காசு கொடுத்து வாங்கிவிட்டாள். காமயகவுண்டன்பட்டியில் நடக்கப் பழகும் பிள்ளைக்குக்கூட அது யார் வண்டி என்று தெரியும்.

முதலாளி மகன் விஜய்பாண்டியின் வண்டி. நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரைப் பிரித்துப் போட்டு, தரையை ஒட்டித் தாழ்த்தி, வேறு இன்ஜின் மாட்டி, புகைக்குழாயைப் பெரிதாக்கி, தூங்குகிறவனை எழுப்புகிற மாதிரி உறும வைத்திருந்தான். பத்திரிகைக்காரர்கள் வந்து ஓட்டிப் பார்த்து எழுதப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். சொன்னபடி அவர்களும் வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அதற்கு மறு மாதம், விடிகாலையில் திராட்சை பறிக்க நடந்து போன ஜக்கம்மாவை அதே வண்டி அடித்துப்போட்டுவிட்டு நிற்காமல் போனது.

அன்று மதியமே சங்கிலி ஸ்டேஷனுக்குப் போய், ஓட்டியது நான்தான் என்று சொல்லிவிட்டான். அவன் முதலாளி வீட்டு டிராக்டர் டிரைவர்.

ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. முதலாளி வீட்டுப் பிள்ளை செய்ததற்கு டிரைவர் போய் நிற்பது என்ன புதிதா? விஜய்பாண்டி அன்றைக்கே மலையேறி, கேரளாவில் ஏலத்தோட்டம் வைத்திருக்கிற உறவுக்காரர் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டதாகப் பேச்சு. சுருளியம்மாளுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

ஆனால் ஜக்கம்மாவோடு ஒரே பந்தலில் நின்று குலை வெட்டியவள் அவள். இப்போது தோட்டத்தில் யாரும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. பொய் சொல்லிக் கொலைகாரனைக் காப்பாற்றுகிறவன் பெண்டாட்டி என்று ஒதுக்கிவிட்டார்கள். அந்த அவமானத்தில் அவள் வெந்துகொண்டிருந்தாள்.

மகள் சிம்ரனுக்கோ அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை, காலேஜுக்கும் போவதில்லை. அப்பாவைப் பிரிந்த ஏக்கம் என்று சுருளியம்மாள் ஊட்டிவிட்டுக்கூடப் பார்த்தாள். இன்றைக்கும் வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தவளை இழுத்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

எழுத்துக் கூட்டிப் புருஷனுக்குப் படித்துக் காட்டினாள். வளைவில் வண்டி ரோட்டை விடாமல் ஒட்டிக்கொண்டு போகிறதாம். பிரேக் மட்டும் அந்த வேகத்துக்குப் பத்தாது, உடனே மாற்ற வேண்டும் என்று எழுதியவர் கண்டித்திருந்தார். அதற்குக் கீழே விஜய்பாண்டி பெருமையாகச் சொன்ன ஒரு வரி. இந்த வண்டிச் சாவியை இதுவரைக்கும் வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை.

அந்த வரியில் விரலால் குத்தினாள். வக்கீலிடம் இதைக் கொடுத்தால் போதும், வெளியே வந்துவிடலாம் என்றாள். பக்கம் முழுக்கப் போட்டிருந்த படத்தையும் காட்டினாள். கம்பமெட்டு ரோட்டு வளைவு, கீழே பள்ளத்தாக்கு, வண்டி, கூலிங் கிளாஸ் போட்ட விஜய்பாண்டி.

சங்கிலி வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தின்ற சோற்றுக்கு இன்னுமா விசுவாசம்? பயந்த மனுஷன், பயந்தே சாகட்டும். தான் சும்மா இருக்கவில்லை என்பதையாவது தெரிந்துகொள்ளட்டும் என்று வலையில் வாயை வைத்துச் சொன்னாள்.

"அம்மன் கோயில்ல காசு வெட்டிப் போட்டுட்டு வந்துட்டேன். அன்னைக்கு அந்த ஸ்டீரிங்கப் பிடிச்ச கை அழுகி விழுகணும்னு. பேரு சொல்லல. யாரு கைன்னு ஆத்தாளுக்குத் தெரியும்."

காசு வெட்டிப் போட்ட சாபத்தைத் திரும்ப வாங்க வழியில்லை. அது சங்கிலிக்கும் தெரியும். அவன் முகம் செத்துவிட்டது. பிறகு வலைக்கு இந்தப் பக்கம் இருந்த படத்தை விரலால் காட்டினான்.

"நல்லாப் பாரு சுருளி. வண்டி ஓடுது. சின்னவுக வெளியில நிக்கிறாக."

அவள் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

விஜய்பாண்டி ரோட்டோரத்தில் கைகட்டிச் சிரித்துக்கொண்டு நின்றான். வண்டி அவனைத் தாண்டி வளைவில் போய்க்கொண்டிருந்தது. டயருக்குப் பின்னால் சருகு பறந்தது.

வெயிலுக்கோ என்னவோ, டிரைவர் பக்கத்துக் கறுப்புக் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. ஸ்டீரிங்கின் மேல் ஒரு கை. சின்னக் கை. வீரபாண்டித் திருவிழாவில் அவளே பேரம் பேசி வாங்கி, அந்த மணிக்கட்டில் மாட்டிவிட்ட அரக்கு வளையல்.

பக்கத்தில் நின்ற சிம்ரன் இரண்டு கையையும் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.