பன்னிரண்டாவது குரல்

வீட்டுக்குள் நுழைந்தால், அசுரன் என் மனைவியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

அவனோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. தீப்பிடித்த ஐந்து மாடிக் கட்டடத்திலிருந்து அப்போதுதான் பறந்து பறந்து பதினோரு பேரைத் தூக்கி வந்து இறக்கியிருந்தேன். மேலங்கி முழுக்கக் கரி. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இவள் வேறு எங்கே போய்விட்டாள் என்று எரிச்சலாக இருந்தது.

ஒன்பது வருஷமாக அசுரனுக்கு ஒரே வேலை. என் விதியை நான் மீற வேண்டும். அதை அவன் கண்ணால் பார்க்க வேண்டும்.

விதி சின்னதுதான். முதலில் கூப்பிடுகிறவரிடம் முதலில் போவேன். ஆள் பார்க்க மாட்டேன். ஊரின் எந்த மூலையில் யார் முனகினாலும் கேட்கிற காது எனக்கு. அதை வைத்துக்கொண்டு வேண்டியவர், வேண்டாதவர் என்று பிரித்தால் எனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?

கல்யாணமான புதிதில் அவளிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

“அப்ப நானும் வரிசையிலதான் நிக்கணும்னு சொல்லுங்க,” என்று சிரித்தாள்.

அதற்கப்புறம் அவள் என்னைக் கூப்பிட்டதே இல்லை. காய்ச்சலோடு தனியாக பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். மாடிப்படியில் விழுந்து கை முறிந்தது, மாவுக்கட்டைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எவ்வளவு புரிந்துகொண்டவள் என்று மெச்சிக்கொண்டேன். மடையன்.

அசுரன் கொம்பைச் சொறிந்தான். எப்போதும் எகத்தாளமாகப் பேசுகிறவன், இன்று என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அஞ்சாவது மாடியில, ஆளுக்கொரு மூலையில ரெண்டு பேரை நிறுத்தினேன். ரெண்டு பேரும் கத்தினா நீ யாருகிட்டப் போறேன்னு பாக்கணும், அவ்வளவுதான். அங்க வேலை பாத்த பெயின்ட்டர் கத்தினான். உன் வீட்டம்மா வாயைத் திறக்கல. கூப்பிடும்மான்னு நானே கெஞ்சினேன்யா. வரிசையில எனக்கு முன்னாடி ஒருத்தர் நிக்கிறாருன்னு சத்தம் வராம உதட்டை மட்டும் அசைச்சுட்டு, ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டாங்க.”

பெயின்ட்டர்தான் பதினோராவது ஆள்.

அவரை இறக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு முனகல்கூட இல்லை. உள்ளே யாரும் இல்லை என்று தீயணைப்பு ஆட்களுக்குக் கை காட்டியது நான்தான். அவர்கள் ஏணியை மடக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் கூரை இடிந்து இறங்கியது.

அசுரன் எழுந்தான். நாற்காலியை அவள் வைக்கிற மாதிரியே மேஜைக்கடியில் தள்ளிவிட்டு, சத்தமில்லாமல் வெளியே போனான்.

ஊர் முழுக்க என் காதில் விழுந்தது. யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள். ஒரு குழந்தை அழுகிறது. யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிறார்கள்.

வாசலில் நின்று, இந்தத் தடவை நான் கூப்பிட்டேன்.