பெட்டிக்குள் வைத்த துணி

"செத்துப்போச்சு குணம். இனி வைச்சிருந்து பிரயோசனமில்லை. விடியக் கொண்டுபோய்க் கடையிலை குடுத்திட்டுப் புதுசு வாங்கிக்கொண்டு வாறன்."

கணவர் மார்க்கண்டு இப்படிச் சொன்னபோது குணலட்சுமி அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்துகொண்டிருந்தாள். அவர் சொன்னது ஹோலின் இரண்டு மூலையிலும் நிற்கும் ஸ்பீக்கர்ப் பெட்டிகளைத்தான். ஆனால் கொன்றது யார் என்று அவளுக்கல்லவா தெரியும்!

ஜேர்மனியில் இருக்கும் அவருடைய தம்பி ஆசையாக அனுப்பிய பெட்டிகள் அவை. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் அவர்கள் குடியிருக்கும் ஒழுங்கை விடிவதே அவற்றிலிருந்து வரும் நாதஸ்வரத்தில்தான். ஒழுங்கைக்கு அது பக்தி, குணலட்சுமிக்குத் தலையிடி.

குறைக்கச் சொன்னால், "குறைச்சுக் கேக்க இதென்ன மரண அறிவித்தலே?" என்பார். சங்கீத ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். எங்கே பண்ணிசைப் போட்டி நடந்தாலும் நடுவர் கதிரை அவருக்குத்தான். அந்தக் காதோடு யார் மல்லுக்கட்டுவது?

மல்லுக்கட்டாமல் அவள் வேறு வழி பார்த்தாள். போன ஆவணியில் அவர் திருவிழாவுக்குப் போயிருந்த நேரம், பெட்டிகளின் கறுப்பு வலையைக் கழற்றினாள். மேலே கீச்சிடும் அந்தச் சின்ன வட்டத்தின் மேல் பழைய சீலைத்துண்டை மடித்து வைத்து, வலையைப் பழையபடி மாட்டிவிட்டாள்.

அடுத்த நாள் காலையில், "தாளம் கணீரெண்டு வரேல்லையே" என்று அவர் முகம் சுளித்தார். "கரண்ட் குறைவாக்கும்" என்றாள். பொய் இவ்வளவு சுகமாக வாயில் வந்தது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அவர் விடுகிற ஆளில்லை. மாதத்துக்கு மாதம் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே வந்தார். மாசி பிறந்தபோது அவளுடைய தலையிடியும் திரும்பி வந்துவிட்டது. செய்த வேலைக்கு நல்ல கூலி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"ரவுண் கடையிலை புதுசைக் கேட்டுப் பாத்தனீங்களே?" தேத்தண்ணியை அவரிடம் நீட்டியபடி கேட்டாள்.

"ஓம். அவன் போட்டுக் காட்டின சோடியும் இதைப்போல மந்தம்தான். கடை பெரிசெண்டபடியால் அப்பிடியாம், வீட்டிலை நல்லாக் கேக்குமாம். ஆர் நம்பிறது? விலை கூடினதையே எடுப்பம்."

"காசுக்கு?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சிதம்பரம் எங்கை ஓடப்போகுது? ஆறுதலாப் போவம்."

இருவருமாகத் தில்லைக்குப் போய்வரவென்று வருடக்கணக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு அது. சாமி காசில் கைவைக்க வைத்தது தன் சீலைத்துண்டுதானே என்று நொந்துகொண்டாள். சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தாள். சொன்னால் முகத்திலேயே விழிக்கமாட்டாரே என்ற பயத்தில் மூடிக்கொண்டாள்.

மறுநாள், பங்குனி வெயில் ஏறுமுன்னே ஓட்டோ படலையில் வந்து நின்றது. கொழும்பில் வேலை செய்யும் மகள் நிவேதனா லீவில் வந்திருந்தாள். வீட்டுக்கு வந்தால் தும்புத்தடியும் கையுமாகத் திரிகிறவள் அவள். அப்போதும் குசினியில் அடுப்புக்கு மேலே ஒட்டறை அடித்துக்கொண்டிருந்தாள்.

மார்க்கண்டு முதல் பெட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். காய்ச்சல் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறவர் முகம்போல இருந்தது அவர் முகம். அதற்குமேல் குணலட்சுமியால் பொறுக்க முடியவில்லை.

"வையுங்கோ! அது சாகேல்லை. நான்தான்... அந்த வலைக்குப் பின்னாலை துணி வைச்சனான். போன ஆவணியிலை, தலையிடி தாங்கேலாமல்..." சொல்லி முடிப்பதற்குள் அழுகை முந்திக்கொண்டது. "பெரிய பாவம் செய்துபோட்டன். என்ன ஏச்செண்டாலும் ஏசுங்கோ."

அவர் பெட்டியை மெல்ல இறக்கி வைத்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். வந்தது ஏச்சில்லை, பெரிய சிரிப்பு.

"அப்ப என்ரை காது சரி!" அவர் கண்ணில் நீர் முட்டியது. "எத்தினை நாள் பயந்து செத்தனான் தெரியுமே குணம்? பழுது பெட்டியிலையோ, என்ரை காதிலையோ எண்டு. வாற கிழமையும் போட்டி இருக்கு. கேளாத காதோடை போயிருந்து ஒரு பிள்ளைக்குப் பிழையாப் புள்ளி போட்டால் எவ்வளவு பாவம்! உமக்கு இதை எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல்தான் புதுசு, புதுசெண்டு நிண்டனான்."

அவர் ஓட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டார். "ஆனி உத்தரத்துக்கே சிதம்பரம் போறம்" என்றார். ஆவணியிலிருந்து நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கி, குணலட்சுமி அழுத முகத்தோடு சிரித்தாள்.

மார்க்கண்டு முழங்காலிட்டு வலையைக் கழற்றினார். சின்ன வட்டம் வெறுமையாக இருந்தது. விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். மற்றப் பெட்டியின் வலையையும் அவசரமாகக் கழற்றினார். அதிலும் ஒன்றுமில்லை.

"எங்கை துணி?"

குணலட்சுமியும் குனிந்து பெட்டிக்குள் தேடினாள். குசினி வாசலால் நிவேதனா தலையை நீட்டினாள்.

"அந்தச் சீலைத்துண்டே அம்மா? பொங்கலுக்குத் துடைக்கேக்கையே எடுத்து எறிஞ்சிட்டன்."