இரண்டரை மணி நேரம்

பழனிமுத்து எத்தனை மணிக்குச் செத்தார் என்பதில் பிச்சையம்மாள் பொய் சொன்னாள். ரோகிணி டீச்சருக்கு அதில் சந்தேகமே இல்லை.

"விடியக்காலம் மூணு மணிக்கு டீச்சர்," என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. புருஷனை நேற்றுத்தான் அடக்கம் செய்திருந்தார்கள்.

ஆனால் பக்கத்து வீட்டு சுந்தராம்பாள் வழியிலேயே நிறுத்தி, கேட்காமலே எல்லாம் சொல்லிவிட்டாள். ஒன்பது மணி சீரியல் முடிந்து வெளியே வந்தால் ஒப்பாரிச் சத்தமாம். ஒன்பதரைக்கே உயிர் போய்விட்டதாம். அவளுக்கும் பிச்சையம்மாளுக்கும் தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் ஏழு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது, அது வில்பட்டி ஊருக்கே தெரியும். இருந்தால் என்ன, உண்மை உண்மைதானே!

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அது. பிப்ரவரி பூராவும் பள்ளிக்கூடம் விட்ட கையோடு பேப்பர் கட்டைத் தூக்கிக்கொண்டு, மேடும் பள்ளமுமாக நூற்று முப்பது வீடு ஏறி இறங்கி எழுதியாயிற்று. முழங்காலில் உயிரே இல்லை. அதோடு விட்டார்களா? மார்ச் பிறந்ததும் மறுபடி ஒரு சுற்று.

பிப்ரவரி 28 நள்ளிரவு பன்னிரண்டு மணிதான் எல்லை. அதற்கு முன்னால் செத்தவர் பெயரை அடித்துவிட வேண்டும். பன்னிரண்டைத் தாண்டிச் செத்திருந்தால் பெயர் அப்படியே இருக்கும். பழனிமுத்து போனது சரியாக அந்த 28ஆம் தேதி ராத்திரி.

ரோகிணிக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒன்றாம் தேதி உயிரோடு இருந்ததாகக் காட்டினால் மார்ச் மாதப் பென்ஷன் வந்துவிடும். எத்தனை வீட்டில் பார்த்தாயிற்று! பிணத்தின் சூடு ஆறுவதற்குள் என்ன யோசனை பாருங்கள்.

"ஏம்மா, பென்ஷனுக்காகவா இந்தப் பொய்?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள்.

பிச்சையம்மாளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

"எந்தப் பென்ஷன் டீச்சர்? அவருக்குத்தான் எதுலயுமே பேரு கெடையாதே."

அப்புறம் மெதுவாகச் சொன்னாள். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த மனுஷன். அங்கே குடியுரிமை இல்லை என்றார்கள். எண்பத்து மூன்று கலவரத்தில் குடியிருந்த வீட்டோடு காகிதமெல்லாம் எரிந்து, கட்டின வேட்டியோடு இங்கே வந்தால், காகிதம் எங்கே என்றார்கள். ரேஷன் கார்டில் பிச்சையம்மாள் பெயர் மட்டும்தான். அவருக்கு ஓட்டுக் கிடையாது. தாலுகா ஆபீசுக்கு நடந்து நடந்து, கடைசியில் போவதையே விட்டுவிட்டார். இருபத்தேழு வருஷம் ஊரார் பூண்டுக் காட்டில் கூலி வேலை.

"போன மாசம் நீங்க வந்து ஒரு காகிதமும் கேக்காம, பேரு என்ன, வயசு என்னன்னு எழுதிக்கிட்டீங்கல்ல? 'ஏ புள்ள, என்னையும் எண்ணிட்டாங்க'ன்னு டீக்கடை வரைக்கும் போயிச் சொல்லிட்டு வந்தாரு. ஒண்ணாம் தேதி பொறக்கையில இருக்கிறவங்கதான் கணக்குன்னு நீங்கதான அவருகிட்டச் சொன்னீங்க. நெஞ்சுச் சளியில படுத்ததுல இருந்து அதே பேச்சுத்தான். வெள்ளனே முழிச்சதும், இன்னைக்கு என்ன தேதின்னு கேப்பாரு."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒம்பதரைக்குத்தான் போனாரு டீச்சர். இன்னும் ரெண்டரை மணி நேரம். முடியல அவரால. அடிக்கணும்னா அடிச்சிருங்க."

ரோகிணிக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. பேனா மூடியைத் திறந்தாள். மூடினாள். இருபது வருஷ சர்வீசில் ஒரு பொய்க் கையெழுத்துப் போட்டதில்லை அவள்.

அந்த நேரம் பார்த்துத்தானா ஞானவேல் சார் வர வேண்டும்! இந்தப் பகுதிக்கு அவர்தான் மேற்பார்வையாளர். ஒரு புள்ளி பிசகினாலும் பேப்பரைத் திருப்பிக் கொடுக்கிற ஆள். மூச்சு வாங்க மேடேறி வந்தவர், இந்த வீட்டில் சாவு என்று கேள்விப்பட்டேன், எப்போது என்றார்.

"விடியக்காலம் மூணு மணி சார்," என்றாள் ரோகிணி.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். வீட்டார் சொல்வதை மட்டும் வைத்து முடிவு பண்ணக்கூடாது, அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும் என்று பாடம் நடத்திவிட்டு, வேலிப் பக்கம் திரும்பினார்.

அங்கே தண்ணீர்க் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள் சுந்தராம்பாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ!

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் ரோகிணி. அந்த மனுஷன் பெயரும் போச்சு, தன் மானமும் போச்சு.

"ஏம்மா, இந்த வீட்டுக்காரர் எத்தனை மணிக்கு இறந்தாரு?"

சுந்தராம்பாள் குடத்தை இறக்கி வைத்தாள். ஏழு வருஷத்தில் முதல் தடவையாகப் பிச்சையம்மாளை நேருக்கு நேர் பார்த்தாள்.

"விடியக்காலம் மூணு மணிக்கு சார். நாந்தான் அவரு வாயில பால் ஊத்துனேன். எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுறேன்."